பத்தொன்பது முடிச்சுகள்
(பாளையங்கோட்டையில் முதுகலை வேதியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு கணக்கு. இருபது அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்த பெப்டைடில் பத்தொன்பது பிணைப்புகள். ஒவ்வொன்றும் 95 சதவீதம் நிறைவேறினால் கடைசியில் சரியான சங்கிலி எவ்வளவு கிடைக்கும்? வெறும் 38 சதவீதம். அதையே 99 ஆக்கினால் 83. நடுவில் இருக்கும் அந்த நான்கு சதவீதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

1963-இல் அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்ட் நான்கே அமினோ அமிலங்களைக் கொண்டு ஒரு வழியைக் காட்டினார். முதல் அமிலத்தைப் பாலிஸ்டைரீன் மணியில் கட்டிவிடுங்கள். மிச்சத்தையெல்லாம் வடிகட்டிக் கழுவிவிடலாம். 1984-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஒரு வம்பும் இருக்கிறது. கரைசலில் இருக்கும் கழிவு கழுவினால் போய்விடும். மணியோடு ஒட்டியிருக்கும் தவறான சங்கிலி போகாது. பத்தமடைப் பாயில் ஒரு கோரை விட்டுப்போனால் நெய்து முடித்த பிறகு செருக முடியுமா? அதே கதைதான்.

இனி வேலைக்கு வருவோம். 0.1 மில்லிமோல் அளவில் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எடுக்கும் மணி ரிங்க் அமைட் ரெசின். அதன் ஏற்றம், அதாவது சங்கிலி கட்ட இருக்கும் இடம், கிராமுக்கு 0.5 மில்லிமோல் என்றால் 200 மில்லிகிராம் போதும். டிஎம்எஃப் என்ற கரைப்பானில் அரை மணி நேரம் ஊறட்டும். பாயசத்துக்குப் போட்ட ஜவ்வரிசி மாதிரி உப்பி வரும். உப்பாத மணிக்குள் எந்த வினைப்பொருளும் நுழையாது. பெரும்பாலும் இந்த ரெசினே எஃப்மாக் காப்போடுதான், அதாவது அமீன் முனையைத் தற்காலிகமாக மூடிவைக்கும் தொப்பியோடுதான், விற்பனைக்கு வருகிறது. அதைக் கழற்றாமல் முதல் அமிலத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு!

காப்பை நீக்க, டிஎம்எஃப்-இல் 20 சதவீதப் பிப்பெரிடின். ஐந்து நிமிடம் ஒரு முறை, புதிதாக ஊற்றிப் பதினைந்து நிமிடம் இன்னொரு முறை. பிறகு ஐந்தாறு தடவை கழுவுங்கள். பிப்பெரிடின் கொஞ்சம் தங்கினாலும் அடுத்து வரும் அமிலத்தின் எஃப்மாக்கைக் கழற்றிவிடும். ஒன்று சேர வேண்டிய இடத்தில் இரண்டு சேரும்.

இணைப்புக்கு எஃப்மாக் அமினோ அமிலம் 0.4 மில்லிமோல், அதை வினைக்குத் தூண்டும் ஹெச்பிடியூ 148 மில்லிகிராம், காரமாக டிஐபிஇஏ சுமார் 140 மைக்ரோலிட்டர். ஹெச்பிடியூ அமிலத்தைவிட ஒரு துளி குறைவாகவே இருக்கட்டும். மிஞ்சினால் அது நேராக அமீன் முனையிலேயே ஏறி, சங்கிலியை அங்கேயே மூடிவிடும். கடைசியில் பெப்டைடின் மூலக்கூறு நிறையில் 98 கூடியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? கைசர் சோதனை. இணையாத அமீன் முனை மிஞ்சியிருந்தால் நீலமாகக் காட்டிவிடும். பத்து மணிகளைச் சிறு குழாயில் எடுத்து, நின்ஹைட்ரின், பீனால், பிரிடினில் கலந்த பொட்டாசியம் சயனைடு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, 110 டிகிரியில் ஐந்து நிமிடம். கரைசல் வைக்கோல் மஞ்சள், மணி நிறமற்றது என்றால் முடிந்தது. மணி நீலமானால் மறுபடி இணையுங்கள். பக்கத்தில் வெறும் குழாய் ஒன்றும் வையுங்கள். ஒப்பிடாமல் பார்த்தால் கண் ஏமாற்றும். புரோலின் முனையில் இருந்தால் நீலம் வராது; அதற்குக் குளோரனில் சோதனை. சயனைடு இருப்பதால் அந்தக் குழாயை அமிலக் கழிவில் கொட்டவே கூடாது.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. டிஎம்எஃப் பழசாகிச் சிதைந்தால் டைமெத்தில் அமீன் உண்டாகும். மீன் வாடை அடித்தால் அந்தப் பாட்டிலை ஒதுக்குங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அமினோ அமிலப் புட்டியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

கடைசியில் பெப்டைடை மணியிலிருந்து அறுக்க, டிஎஃப்ஏ (ட்ரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம்) 95, நீர் 2.5, ட்ரை ஐசோபுரோபைல் சிலேன் 2.5 சதவீதம் என்ற கலவையில் ஐந்து மில்லி. இரண்டு மூன்று மணி நேரம். அர்ஜினின் பல இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். அதன் பக்கச் சங்கிலியை மூடியிருக்கும் பிபிஎஃப் காப்பு லேசில் விடாது. வடித்ததைக் குளிர்ந்த ஈதரில் ஊற்றினால் வெள்ளையாகப் படியும். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாத நெல்லையில் பகல் வெப்பம் அதைத் தாண்டிவிடும்! பனிக்கட்டியிலேயே வைத்து, மூடியை மெல்லத் தளர்த்துங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஈதர் வைப்பது ஆபத்து. உள்ளே ஒரு பொறி போதும்.

பகுப்பாய்வில், கலவையைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி: சி-18 குழல், நீரிலும் அசிட்டோநைட்ரைலிலும் 0.1 சதவீத டிஎஃப்ஏ, 220 நானோமீட்டர். ஒரே சிகரம் வந்ததும் துள்ள வேண்டாம். ஓர் அமிலம் விடுபட்ட சங்கிலி, சரியான சங்கிலியின் நிழலிலேயே ஒளிந்திருக்கும். நிறைமானிதான் காட்டிக்கொடுக்கும்: 57 குறைந்தால் கிளைசின் விடுபட்டிருக்கிறது, 16 கூடினால் மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம், 56 கூடினால் டெர்ட்-பியூட்டைல் என்ற இன்னொரு காப்பு ஒட்டியிருக்கிறது, 252 என்றால் பிபிஎஃப் இன்னும் போகவில்லை. 18 குறைந்து, தொடரில் அஸ்பார்ட்டிக் அமிலத்தை அடுத்துக் கிளைசின் இருந்தால் அங்கே வளையம் மூடியிருக்கலாம். லியூசினும் ஐசோலியூசினும் சங்கிலிக்குள் இரண்டுமே 113. வெறும் நிறையை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது.

ஒன்று மறக்காதீர்கள். உறைய வைத்து உலர்த்திய வெண்பஞ்சில் 10 மில்லிகிராம் நிறுத்தால் அதில் 10 மில்லிகிராம் பெப்டைடு இல்லை. டிஎஃப்ஏ உப்பும் ஈரமும் சேர்ந்தே நிற்கின்றன. உயிரியல் துறை நண்பருக்குக் கொடுக்கும் முன், 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் சிதைத்து, அமினோ அமிலங்களை எண்ணிப் பாருங்கள். டிரிப்டோஃபேன் அதில் அழிந்துவிடும்; அதை மட்டும் சிதைக்காத பெப்டைடில் 280 நானோமீட்டரில் தனியாக அளந்துகொள்ளலாம்.