ஓடும் வண்டியின் மேல் வீசும் காற்று

அவைத்தலைவர் அவர்களுக்கும், பொறியியல் பயிலும் மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை உங்களில் பலர் கடந்திருப்பீர்கள். அங்கே பிற்காலத்தில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பாலத்தில் பொருத்திய காற்றுமானி மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். காற்று தணியும்வரை ரயில் கரையிலேயே காத்து நிற்கும். மிக நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கருவி அளந்தது பாலத்தின் மேல் வீசிய காற்றைத்தான். ரயிலின் மேல் வீசிய காற்று வேறு. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கணக்கு எளியது. நேர்க் குறுக்காக வீசும் காற்றின் வேகத்தையும் வண்டியின் வேகத்தையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்தால், கர்ணத்தின் நீளமே வண்டி உணரும் காற்று. பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். அதன் வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 58 கிலோமீட்டர்க் குறுக்குக் காற்று ரயிலுக்கு 60 கிலோமீட்டராகத் தெரியும். பாலத்துக் கம்பத்தில் நிற்கும் கருவிக்கும் வண்டிக்கும் இடையே 2 கிலோமீட்டர்தான் வித்தியாசம். பழைய விதி சரியாக வேலை செய்ததற்கு அந்த மெதுவான ஓட்டமும் ஒரு காரணம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ, கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் நடுவிலுள்ள தூக்குப் பகுதி நீங்கலாக, மணிக்கு 75 கிலோமீட்டர்வரை ஓட்ட அனுமதி உண்டு. அதே 58 கிலோமீட்டர்க் காற்றை எடுத்துக்கொண்டால், அந்த வேகத்தில் போகும் ரயில் உணர்வது கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர்க் காற்று. இதைக் கேட்டு அச்சப்பட வேண்டியதில்லை. கூடிய வேகத்தின் பெரும்பகுதி முன்னாலிருந்து வருவதால், பக்கவாட்டு விசை அதே அளவுக்குப் பெருகிவிடாது. ஆயினும் அது கூடவே செய்கிறது என்பதையும், கம்பத்துக் கருவிக்கு அதை அறிய வழியே இல்லை என்பதையும் மறுக்க முடியாது.

பாய்மரம் ஏற்றிக் கடலோடிய நம் மீனவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. கச்சானோ கொண்டலோ, எந்தக் காற்றானாலும் கரையில் நிற்கும்போது ஒரு திசையிலும், வள்ளம் ஓடத் தொடங்கியதும் சற்று முன்பக்கமாகத் திரும்பியும் வீசுவதாகப் படும் என்பதை அவர்கள் பாயின் இழுப்பிலிருந்தே அறிவார்கள்.

கம்பத்துக் கருவியின் இன்னொரு குறை, அது நிற்கும் இடத்தை மட்டுமே அது அறியும் என்பது. ஜப்பானில் 2005 டிசம்பர் 25 அன்று மாலை, யமகதா மாநிலத்தில் மொகாமி ஆற்றுப் பாலத்தைக் கடந்த இனாஹோ விரைவு ரயில், திடீரென எழுந்த சூறையால் தடம் புரண்டது. ஐந்து பேர் உயிரிழந்தனர். அருகே இருந்த காற்றுமானி அப்போது காட்டிய வேகம், ரயிலை நிறுத்த வேண்டிய எல்லையை எட்டவில்லை. விதியை மீறியவர் எவருமில்லை. விதி நம்பியிருந்த அளவுதான் போதவில்லை. டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் 2019 ஜனவரி 2 அன்று நடந்ததும் இதே பாடத்தின் மறுபக்கம். சரக்கு ரயிலின் மேல் ஏற்றப்பட்டிருந்த டிரெய்லர் ஒன்று சரியாகப் பூட்டப்படாத நிலையில், அதைக் காற்று நகர்த்த, எதிரே வந்த பயணிகள் ரயில் அதில் மோதி எட்டு பேர் இறந்தனர். அந்த டிரெய்லரில் இருந்தவை வெற்றுப் புட்டிப் பெட்டிகள். சரக்கு இல்லாத, உயரமான, இலேசான பெட்டிதான் காற்றுக்கு முதலில் இரையாகிறது. நம் சாலைகளில் வெற்றுக் கண்டெய்னர் லாரி ஓட்டுவோர் இதை நன்கு அறிவார்கள்.

ஆகவே கருவியை வண்டியிலேயே வைக்க வேண்டும் என்கிறேன். எந்தக் கருவியை? சுழலும் கிண்ணங்கள் கொண்ட காற்றுமானி வேகத்தை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. வண்டிக்கு ஏற்றது மீயொலிக் காற்றுமானி. எதிரெதிராக நிற்கும் இரு உணரிகளுக்கு இடையே ஒலி போகவும் வரவும் எடுக்கும் நேரத்தை அது ஒப்பிடுகிறது. 20 சென்டிமீட்டர் இடைவெளியில், நொடிக்கு 15 மீட்டர்க் காற்று அந்த இரு நேரங்களுக்கும் இடையே உண்டாக்கும் வேறுபாடு ஏறத்தாழ 50 மைக்ரோநொடி. அதைப் பிடிக்க இன்றைய மின்னணுவியலுக்குச் சிரமமே இல்லை.

சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. வண்டியின் உடலே காற்றை வளைக்கிறது. பேருந்தின் கூரைமீது கருவியை ஒட்டிவைத்தால், கூரை விளிம்பில் பிளந்து எழும் காற்றைத்தான் அது அளக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 1994-95-இல் சூறாவளிகளைத் துரத்திச் சென்று ஆராய்ந்த குழுவினர், தங்கள் கார்களின் கூரைக்கு மேலே உயரமான சட்டம் அமைத்து அதன் உச்சியில் கருவிகளைப் பொருத்தினார்கள். அடுத்து, வண்டியின் வேகத்தையும் அது நோக்கும் திசையையும் ஜிபிஎஸ் கொண்டு அறிந்து கழித்தால்தான் உண்மைக் காற்று கிடைக்கும். விமானங்கள் நெடுங்காலமாக இப்படித்தான் வழியிலுள்ள காற்றைக் கணித்து வானிலை நிலையங்களுக்கு அனுப்புகின்றன. தரை வண்டியில் இந்தக் கழித்தல் மிகுந்த கவனம் கேட்கிறது. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியில், கருவி ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தால் போதும். காற்றே இல்லாத நாளிலும் நொடிக்கு 0.4 மீட்டருக்கு மேல் குறுக்குக் காற்று இருப்பதாக அது காட்டும். ஒரே சாலையில் போய்த் திரும்பி, இரு அளவுகளையும் ஒப்பிட்டு, இந்தப் பிழையை நீக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், வண்டியின் மேல் உள்ள கருவி சூறை வந்த பிறகுதான் அதைச் சொல்லும். ஓட்டுநருக்குப் பிரேக்கில் கால் வைக்கவும் நேரம் இருக்காது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கருவியின் பயன் அந்த வண்டிக்கு அன்று. பின்னால் வரும் வண்டிகளுக்கு. ஒரே தடத்தில் நாள்தோறும் ஓடும் பத்துப் பேருந்துகள் காற்றை அளந்து பதிந்தால், எந்த வளைவில், மலையின் மறைவு முடியும் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த மணியில் காற்று வண்டியைத் தள்ளுகிறது என்பதற்கு மீட்டர் வாரியாக ஒரு வரைபடம் உருவாகும். காற்றை நாம் குறைக்க முடியாது. வண்டியின் வேகத்தைக் குறைக்க முடியும். எங்கே குறைப்பது என்பதை அந்த வரைபடம் சொல்லும்.

தொடங்க ஓர் இடமும் நம்மிடம் இருக்கிறது. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அங்கே எவ்வளவு வலியது என்பதற்கு முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளே சாட்சி. லாரியின் மறைவில் போய்க்கொண்டிருக்கும் இருசக்கர வண்டிக்காரர் அதை முந்தி வெளியே வரும் கணத்தில் வாங்கும் அடியை, அந்தச் சாலையில் போனவர்கள் மறக்க மாட்டார்கள். வரும் ஆனி, ஆடி மாதங்களில் அந்த வழியே ஓடும் ஒரு பேருந்தில் சட்டம் அமைத்து, மீயொலிக் கருவியும் ஜிபிஎஸ்ஸும் பொருத்தி, அறுபது நாள் அளக்க உங்களில் ஒரு குழு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டத்தின் உயரம், கருவியின் திசை, அளவைச் சரிபார்க்கும் முறை ஆகியவற்றை இந்தக் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம். வரைபடத்தாளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.