சுண்ணாம்பு மலைகளின் பெயரறியாக் குடிகள்

நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே ஈப்போவை நோக்கிச் செல்லும்போது, செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால், செம்மோர் வட்டாரத்தில், சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று குனோங் கந்தான். அதன் ஒரு பகுதி இன்னும் மரமும் கொடியும் மூடிய காடாக இருக்கிறது. மற்றொரு பகுதி சிமெண்டுக்காகப் பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்டு வெளுத்துக் கிடக்கிறது. வனவிலங்கு என்றதும் புலியும் யானையும்தான் நம் மனத்தில் முதலில் தோன்றும். அவற்றைப் பற்றியும் சொல்வேன். ஆயினும் இன்றைய என் உரையின் பெரும்பகுதி, இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் வாழ இடமில்லாத, கடுகளவே உள்ள நத்தைகளைப் பற்றியது. ஓர் உயிரைக் கண்டறிந்து, வகைப்படுத்தி, பெயரிட்டு, பின்னர் காப்பாற்றுவது என்பது எத்தனை கடினமான காரியம் என்பதை இவற்றைப் போல வேறு எந்த உயிரும் நமக்குத் தெளிவாகக் காட்டுவதில்லை.

நத்தையின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. ஆகவே சுண்ணாம்புப் பாறையும் அதன்மேல் படிந்த இலைச்சருகும் நத்தைகளுக்கு உணவும் உறைவிடமும் ஆகின்றன. மலையைச் சூழ்ந்த சமவெளி மண்ணோ பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ஒரு மில்லிமீட்டரோ இரண்டு மில்லிமீட்டரோ உள்ள நத்தையால் அந்த மண்ணைக் கடந்து அடுத்த மலைக்குப் போய்ச் சேர இயலாது. கடல் நடுவே உள்ள தீவுகளில் நடப்பது போலவே, ஒவ்வொரு மலையிலும் அகப்பட்டுக்கொண்ட நத்தைக் கூட்டம் நெடுங்காலமாகத் தனித்து வாழ்ந்து, தனக்கென ஓர் உருவத்தைப் பெற்று, இறுதியில் தனிச் சிற்றினமாகவே ஆகிவிடுகிறது. இதனால்தான் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு மலையில் கிடைக்கும் நத்தை, பார்க்கும் தூரத்தில் உள்ள அடுத்த மலையில் கிடைக்காமல் போகிறது.

ஈப்போவுக்கு அருகில் உள்ள குனோங் ராப்பாட்டில் கிடைத்த ஒரு நத்தை ஓடு 2008ஆம் ஆண்டில் அறிவியல் உலகையே வியப்பில் ஆழ்த்தியது. பொதுவாக நத்தை ஓடு ஒரே அச்சைச் சுற்றிச் சுருளும். ஒப்பிஸ்தோஸ்தோமா வெர்மிகுலும் எனப் பெயரிடப்பட்ட இந்த நத்தையின் ஓடோ நான்கு வெவ்வேறு அச்சுகளைச் சுற்றிச் சுருண்டிருந்தது. சுருள் ஓடுகளைப் பற்றி நூல்களில் எழுதிவைத்திருந்த விதிகளை நம் பேராக் மாநிலத்து நத்தை ஒன்று மீறி நின்றது. இத்தகைய நத்தைகளை எப்படித் தேடுகிறார்கள் என்று கேட்பீர்களானால், அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. பாறையின் அடிவாரத்து மண்ணை அள்ளி வந்து, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குவார்கள். மண் அடியில் தங்கும். காற்று நிறைந்த வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். அவற்றை வடிகட்டி, உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். குனோங் ராப்பாட்டு நத்தையும் வெற்று ஓடுகளைக் கொண்டுதான் விவரிக்கப்பட்டது.

பிரித்தெடுத்த பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. கையில் உள்ளது புதியதா, முன்பே யாரேனும் விவரித்ததா என்பதை அறிய, நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கட்டுரைகளையும் தொலைதூர நாடுகளின் அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகளையும் ஒப்பிட்டாக வேண்டும். புதியதுதான் என்று உறுதியான பின், ஒரு மாதிரியைப் பெயர்தாங்கி மாதிரியாகத் தேர்ந்து, அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைத்து, விவரிப்பை அச்சில் வெளியிட வேண்டும். பின்னாளில் எந்த ஐயம் எழுந்தாலும் அந்த ஒரு மாதிரியே சான்று. இது எத்தனை முக்கியம் என்பதற்கு யானையின் வரலாறே போதும். 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் ஆசிய யானைக்குப் பெயரிட்டபோது சான்றாகக் கொண்டவற்றுள், குடுவையில் பதப்படுத்தப்பட்ட ஒரு யானைக் கருவும் இருந்தது. இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதன் புரதத்தையும் மரபணுவையும் ஆராய்ந்தபோது அது ஆப்பிரிக்க யானையின் கரு எனத் தெரியவந்தது. பிறகு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பாதுகாக்கப்பட்டிருந்த ஓர் எலும்புக்கூட்டை ஆசிய யானையின் பெயர்தாங்கி மாதிரியாக நிலைநிறுத்தினார்கள். யானைக்கே இந்த நிலை என்றால், கடுகளவு நத்தைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி குனோங் கந்தானுக்கு வருகிறேன். 2014ஆம் ஆண்டில் அந்த மலையிலிருந்து ஒரு சிறு நத்தை புதிதாக விவரிக்கப்பட்டது. சரோப்பா லபார்ஜெய் என்பது அதன் பெயர். அம்மலையில் அப்போது கல்வெட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர்கள் அதற்குச் சூட்டினார்கள். தன் பெயரைத் தாங்கிய உயிரைக் காக்கும் பொறுப்பை அந்நிறுவனம் ஏற்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. விவரிக்கப்பட்ட அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிராகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே அதன் உயிருக்கு ஆபத்து என்று எழுதிவைப்பதற்கு ஒப்பான இச்செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது. அதே 2014இல் அம்மலையின் பெயரைத் தாங்கிய ஒரு பல்லியும் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. அங்கு வாழும் ஒரு சிலந்திக்கும் கந்தான் என்ற பெயர் உண்டு.

அந்தச் சிலந்தியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். லிபிஸ்தியஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இச்சிலந்திகள் மண்ணிலோ பாறையிலோ பட்டு நூலால் குழாய் அமைத்து, அதன் வாயில் ஒரு கதவையும் வைத்து, கதவிலிருந்து வெளியே சில நூல்களைப் பரப்பிவிட்டு உள்ளே காத்திருக்கும். ஏதேனும் ஒரு பூச்சி நூலை மிதித்தால் அதிர்வை உணர்ந்து பாய்ந்து பிடிக்கும். மற்ற சிலந்திகளிடம் மறைந்துபோன, வயிற்றின் மேற்புறத்துக் கண்டத் தகடுகள் இவற்றிடமும் இவற்றின் நெருங்கிய உறவுச் சிலந்திகளிடமும் மட்டும் இன்றும் உள்ளன. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலந்திகளின் உடலமைப்பை இவை இன்னும் தாங்கி வாழ்கின்றன. இதே பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு சிலந்தி 1923இல் பத்துமலைக் குகையிலிருந்து விவரிக்கப்பட்டு, பத்துமலையின் பெயரையே பெற்றது. தைப்பூசத்தன்று நாம் காவடி சுமந்து ஏறுகின்ற மலைதான் அதன் வீடும்.

மலை அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு அருகில் புக்கிட் பஞ்சிங் என்றொரு சிறு சுண்ணாம்பு மலை இருந்தது. அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு நத்தையை 1952ஆம் ஆண்டில் வான் பெந்தெம் யூட்டிங் என்னும் டச்சு நாட்டு அறிவியலாளர் விவரித்தார். பின்னர் கல்லுக்காக அம்மலை முழுவதும் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. 2014இல் இந்த நத்தைக் கூட்டத்தின் வகைப்பாடு திருத்தப்பட்டபோது அது பிளெக்தோஸ்தோமா என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டு, பிளெக்தோஸ்தோமா சியாபிலும் என்ற புதிய முழுப்பெயரைப் பெற்றது. அந்தப் பெயரைப் பெற அப்போது அந்த நத்தை உயிரோடு இல்லை; மலையும் இல்லை. இன்று அது சிவப்புப் பட்டியலில் அற்றுப்போன உயிர்களின் வரிசையில் இருக்கிறது. அதையேனும் ஒருவர் முன்கூட்டியே விவரித்து வைத்திருந்ததால்தான் நாம் இழந்தது இன்னதென்று சொல்ல முடிகிறது. யாரும் மண்ணை அள்ளிப் பார்க்காமலேயே வெட்டப்பட்ட மலைகளில் என்னென்ன இருந்தன என்பதை இனி ஒருபோதும் அறிய இயலாது.

புலியின் நிலை வேறு. மலாயாப் புலி நெடுங்காலமாக இந்தோசீனப் புலியோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது. 2004இல் மரபணு ஆய்வைக் கொண்டு அது தனித் துணையினம் என வகுக்கப்பட்டது. 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று ஆசியப் பெருநிலத்துப் புலிகள் எல்லாவற்றையும் ஒரே துணையினமாகக் கொள்ளலாம் என்று கூறியது. அறிஞர்களிடையே இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் எந்தப் பெயரில் அழைத்தாலும் புலி புலிதான். அது நம் நாட்டுச் சின்னத்திலேயே இருக்கிறது, சட்டத்திலும் முழுப் பாதுகாப்புப் பெற்றிருக்கிறது. அப்படி இருந்தும், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி காடுகளில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. பெயரும் பெருமையும் சட்டமும் உள்ள விலங்குக்கே இக்கதி.

நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை அதைச் செயல்படுத்துகிறது. அச்சட்டம் தன் அட்டவணைகளில் பெயர் குறித்துள்ள உயிர்களுக்கே பாதுகாப்புத் தருகிறது. அறிவியல் பெயர் பெறாத ஓர் உயிர் அட்டவணைக்குள் நுழைவதற்கு வழியே இல்லை. சிவப்புப் பட்டியல் என்பதும் சட்டமன்று. அது ஓர் எச்சரிக்கை மட்டுமே. மேலும் நிலம் நம் நாட்டில் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே ஒரு மலையை வெட்டலாமா வேண்டாமா என்னும் முடிவு, பெரும்பாலும் அந்த மலையின் உயிர்களைப் பற்றி எதுவும் தெரியாத நிலையிலேயே எடுக்கப்படுகிறது. வகைப்பாடு என்பது அருங்காட்சியகத்து அறைகளுக்குள் முடிந்துபோகும் வேலை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு சிறு பூச்சியின் அடையாளத்தைச் சரியாக அறிந்ததால் தோட்டத்து வாழ்க்கையே மாறியதை நம் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே கொண்டுசேர்க்கிறது என்று முன்பு நம்பினார்கள். காய்ப்பு போதாத தோட்டங்களில், மகரந்தத் தூளை மாவுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று பெண் பூங்குலைகளின் மேல் தூவும் வேலையை ஆட்களே செய்தார்கள். செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூனில், ரஹ்மான் சையது என்னும் பூச்சியியலாளர் ஆராய்ந்து, மகரந்தத்தைச் சுமப்பவை சில கூன்வண்டுகளே என்று நிறுவினார். அவற்றுள் எலெய்டோபியஸ் கமெருனிக்கஸ் என்னும் வண்டு நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் என்றும், வேறு பயிர்களைத் தொடாது என்றும் சோதித்து உறுதி செய்த பிறகு, 1981இல் ஜொகூர் மாநிலம் குளுவாங் வட்டாரத்தில் அதை விடுவித்தார்கள். அதன்பின் கையால் தூவும் வேலைக்குத் தேவையில்லாமல் போயிற்று. பல வண்டுகளுள் எந்த வண்டு என்பதைப் பிரித்தறிய முடியாமல் போயிருந்தால் இது நடந்திருக்காது.

குகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டுரியான் மரத்தின் பூக்களுக்கும் பெத்தாய் மரத்தின் பூக்களுக்கும் இரவில் வந்து மகரந்தச் சேர்க்கை செய்வதில் தேனுண்ணும் குகை வெளவாலுக்குப் பெரும் பங்கு உண்டு. அது பகலில் பெருங்கூட்டமாகத் தங்குவது சுண்ணாம்புக் குகைகளில்தான். வெளவால்களின் எச்சத்தை நம்பியே குகையின் மற்றப் பூச்சிகளும் சிலந்திகளும் வாழ்கின்றன. ஈப்போ கல்லுமலையிலும் பத்துமலையிலும் இன்னும் பல இடங்களிலும் நம் ஆலயங்கள் இத்தகைய மலைகளையே சார்ந்து நிற்கின்றன. இரவு முழுதும் எரியும் விளக்குகள், பாறையில் பூசப்படும் சாயம், அடிவாரத்தில் எரிக்கப்படும் குப்பை, இடத்தை விரிவாக்க வெட்டப்படும் மரங்கள் ஆகிய யாவும் இந்த உயிர்களைப் பாதிக்கின்றன. ஆலய நிர்வாகங்கள் இவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன். முருகன் குடிகொண்ட மலையின் மற்றக் குடிகளையும் மதிப்பது நம் வழிபாட்டுக்கு முரணானது அன்று.

சிமெண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லயத்து வீடுகளை விட்டு வெளியேறி, செங்கல் சுவரும் உறுதியான கூரையுமாக நாம் கட்டிக்கொண்ட வீடுகளில் சிமெண்ட் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே பெரும்பகுதி வெட்டப்பட்ட மலைகளிலேயே கல்லெடுப்பை முடித்துக்கொண்டு, இன்னும் கைபடாத மலைகளைத் திறக்காமல் விடுவது இயலாத காரியம் அன்று. எந்த மலையையும் வெட்டுவதற்கு முன் நத்தைகளையும் குகை உயிர்களையும் அறிந்த வல்லுநர்களைக் கொண்டு ஆராய வேண்டும். பறவையையும் பாலூட்டியையும் எண்ணிவிட்டு அறிக்கையை முடித்துவிடக் கூடாது. கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது நல்ல தொடக்கம். பாறையின் வடிவழகுக்குக் கிடைத்த அந்த மதிப்பு, பாறைமேல் வாழும் உயிர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் வாழும் நாம் செய்யக்கூடியதும் உண்டு. மலையடிவாரத்தில் காய்கறி பயிரிடுவோர், பாறையை ஒட்டிய ஒரு பட்டை நிலத்தையேனும் மரஞ்செடிகளோடு விட்டுவையுங்கள், தீ மூட்டாதீர்கள். நத்தைகள் பெரும்பாலும் வாழ்வது அந்தச் சருகில்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் சென்று, அள்ளி எடுக்காமல் படம் மட்டும் எடுக்கக் கற்றுக்கொடுக்கலாம். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படமெடுத்து, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் பதிவேற்றினால், அதைக் காணும் வல்லுநர் ஒருவர் அடையாளம் சொல்வார். படத்தோடு நாளையும், எந்த மலையின் எந்தப் பக்கம் என்பதையும் தவறாமல் குறித்துவையுங்கள். இடம் குறிக்கப்படாத மாதிரி அருங்காட்சியகத்தில் இருந்தாலும் ஆய்வுக்கு அதிகம் உதவாது.

இவ்வாய்ப்பை அளித்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.