சிவனொளிபாதமலைக்கு வழிகாட்டிய யோகிகள்

பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மார்கழிப் போயா, அதாவது பௌர்ணமி, நெருங்கிவிட்டது. அன்று தொடங்கி வைகாசிப் பௌர்ணமியான வெசாக் வரை இலங்கையின் சிவனொளிபாதமலையில் சனம் ஏறிக்கொண்டே இருக்கும். 2,243 மீட்டர் உயரம். உச்சிப் பாறையில் ஒரு பாதச் சுவடு. சைவர்கள் அதைச் சிவபெருமானின் பாதம் என்று கும்பிடுகிறோம். பௌத்தர்களுக்கு அது புத்தர் பாதம். முஸ்லிம்களுக்கு இது பாவா ஆதம் மலை. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாரை நினைப்பார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த மலைக்கு ஒரு சமயத்தார் இன்னொரு சமயத்தாரை எப்படி வழியனுப்பி வைத்தார்கள் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

1344-இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா புத்தளம் வந்து சேர்ந்தார். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி, நம் யாழ்ப்பாண அரச மரபைச் சேர்ந்தவர். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும், அது போதும் என்றார் விருந்தாளி. மன்னர் பல்லக்குக் கொடுத்தார். வருடந்தோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், துணைக்குப் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே கூட அனுப்பினார். யோசித்துப் பாருங்கள்: ஒரு முஸ்லிம் தன் ஆதிபிதாவின் பாதம் காணப் போகிறார், முன்னால் நடந்து வழி காட்டுபவர்கள் யோகிகள்! எனக்கு இதைவிடப் பெரிய மலை அதிசயம் எதுவும் தெரியாது.

அந்தக் காலத்தில் பாறையில் சங்கிலி பிடித்துத்தான் ஏற வேண்டும். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அங்கிருந்து கீழே பார்த்தவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா, அதாவது இஸ்லாமிய நம்பிக்கையின் உறுதிமொழி, சொல்லிவிடுவார் என்று இபின் பதூதாவே எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் நம்மவர் 'சிவசிவா' என்றிருப்பார்கள். பயம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

சரி, மலைக்காகச் சச்சரவே வந்ததில்லை என்று சொன்னால் அது பொய். 16-ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் மலையின் பொறுப்பைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். 18-ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பிக்குகளிடம் திருப்பித் தந்தான். பொறுப்பு கைமாறியது, ஏறும் சனம் நிற்கவில்லை. அதற்கும் முன்பு, 11-ஆம் நூற்றாண்டில், முதலாம் விஜயபாகு யாத்திரிகர் பசியாறுவதற்காகக் கிராமங்களையே மானியமாக எழுதிவைத்தான். அந்தத் தர்மம்தான் இந்த மலையைக் காத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். மலையடிவாரம் நம் வீட்டு வாசல். 5,000-க்கு மேற்பட்ட படிகள். நடுச்சாமத்தில் பனியில் முழங்கால் வலித்து உட்கார்ந்துவிடும் முதியவர்கள் எத்தனையோ பேர். ஒரு சுடுதண்ணீர், ஒரு கைத்தாங்கல் கொடுங்கள். எந்தப் பாதத்தைக் கும்பிட வந்தார்கள் என்று கேட்க வேண்டாம். அப்புறம், இறங்கும்போது காலிப் பிளாஸ்டிக் போத்தல்களைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். களனி கங்கைக்கும் களு கங்கைக்கும் தண்ணீர் இந்த மலைக்காட்டிலிருந்துதான் போகிறது.


நன்றி, வணக்கம்.