விலை குறைந்த கரி ஸ்மோக்கரைச் சொன்னபடி கேட்கவைப்பது

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ தெருமுனையில் நிற்கும் இஸ்திரி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கரிப்பெட்டி ஆறிப்போனால் அவர் உடனே புதுக்கரி அள்ளிப் போடுவதில்லை. பெட்டியைத் தூக்கி இரண்டு ஆட்டு ஆட்டுகிறார். பக்கத்து ஓட்டைகள் வழியாகக் காற்று போகிறது, கங்கு சிவக்கிறது, பெட்டி சூடேறுகிறது. உள்ளே இருக்கும் கரி அதே கரிதான். இன்றைக்கு நான் பேசப்போகிற விஷயம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

ஸ்மோக்கர் என்பது இடுப்பளவு உயரமுள்ள இரும்பு உருளை. அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே கம்பி வலை, வலைமேல் கறி அல்லது மீன், எல்லாவற்றுக்கும் மேலே மூடி. வியாசர்பாடிப் பக்கம் வெல்டிங் பட்டறையில் சொன்னால் அடித்துத் தருவார்கள். விலை குறைவாக ரெடிமேடாகவும் கிடைக்கிறது. நெருப்பில் நேரே வாட்டுகிற கிரில் வேறு, இது வேறு. இதில் கறி நெருப்பைப் பார்க்கவே கூடாது. 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில், புகையில், மணிக்கணக்காக நிதானமாக வேக வேண்டும். விலை குறைந்த ஸ்மோக்கரின் ஒரே குறை, அது அந்தச் சூட்டில் நிற்காது. 90-ல் படுத்துக்கொள்ளும், கொஞ்சம் கண்ணை எடுத்தால் 180-க்குப் போய்விடும். கோழி வெளியே கருகி எலும்போரம் ரத்தமாக இருக்கும். அதற்காக விலை கூடிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் இதையே சரிசெய்துவிடலாம்.

முதலில் வெப்பமானி. மூடியில் பதித்து வருகிற அந்த வட்ட மீட்டரை நம்பாதீர்கள். கழற்றி, அதன் கம்பியைக் கொதிக்கிற தண்ணீரில் விடுங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிற ஊர், இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மீட்டர் 85 காட்டினால் 15 குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த மறை இருந்தால் திருகிச் சரிசெய்யுங்கள். அடுத்தது, அது இருக்கிற இடம். கறி இருப்பது வலையில். மூடி உச்சியில் காட்டுகிற சூட்டுக்கும் வலையில் இருக்கிற சூட்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் வரும். ஆகவே வலை மட்டத்தில் உருளையின் பக்கவாட்டில் துளை போட்டு மீட்டரை அங்கே மாற்றுங்கள். கம்பி சுவரிலிருந்து இரண்டு மூன்று இஞ்ச் உள்ளே நிற்க வேண்டும், கறியைத் தொடக் கூடாது. குளிர்ந்த கறியைத் தொட்டால் பொய்க் கணக்கு காட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கசிவு. கரியை எரிப்பது காற்று. காற்று எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுதான் சூடு. அப்படியென்றால் காற்று நாம் விட்ட வழியாக மட்டுமே போக வேண்டும். விலை குறைந்த ஸ்மோக்கரில் கரி போடுவதற்கென்று அடியில் ஒரு கதவு இருக்கும், 30 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். சுற்றளவு 100 சென்டிமீட்டர், அதாவது 1000 மில்லிமீட்டர். அந்தக் கதவைச் சுற்றி ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மொத்தத் திறப்பு 1000 சதுர மில்லிமீட்டர். நாம் காற்றுக்கென்று போடப்போகிற 20 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றின் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர்தான். கணக்குப் பாருங்கள், கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த இடுக்கு, மூன்று ஓட்டைகளுக்கு மேல் திறந்து வைத்த மாதிரி! நீங்கள் காற்று வாயை முழுக்க மூடிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். சூடு ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பதில் கதவோரத்தில் இருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, உருளைக்குள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடியையும் கதவையும் மூடுங்கள். சுற்றி வந்து பாருங்கள். வெளிச்சம் எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கே காற்றும் போகும். கதவோரம், மூடியோரம், கால் பொருத்திய போல்ட் துளைகள், எல்லா இடத்திலும் சாக்பீஸால் குறியிடுங்கள்.

அடைப்பதற்குக் கண்ணாடி நார்க் கயிறு வாங்குங்கள், 10 மில்லிமீட்டர் கனம், அல்லது அதே நாரில் பட்டையாக வருவது. பாரிமுனைப் பக்கம் கேஸ்கட், பேக்கிங் விற்கிற கடைகளில் மீட்டர் கணக்கில் கேட்டுப் பாருங்கள். பழைய கல்நார்க் கயிறு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், யாராவது எடுத்து நீட்டினால் வேண்டவே வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, சாப்பாட்டுப் பாத்திரத்தில் அதற்கு இடமில்லை. ஒட்டுவதற்கு, வண்டி மெக்கானிக்குகள் என்ஜினுக்குப் போடுகிற சிவப்பு சிலிகான் பசை. ட்யூபில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று போட்டிருக்க வேண்டும். இரும்பை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெல்லிய கோடாகப் பசையிட்டு அதன்மேல் கயிற்றைப் பதியுங்கள். பசை கயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும், கங்குக்கு நேராகத் தெரியக் கூடாது. 24 மணி நேரம் விடுங்கள். கயிறு ஒட்டினால் மட்டும் போதாது, கதவு அதன்மேல் அழுந்தி நிற்கவும் வேண்டும். தகரப்பெட்டிக்குப் போடுகிற மாதிரி இழுத்து மாட்டுகிற கொண்டி ஒன்று கதவுக்குப் போட்டுவிடுங்கள். போல்ட் துளைகளில் வாஷர் வைத்து முறுக்குங்கள். பிறகு சாப்பாடு எதுவும் வைக்காமல் இரண்டு மணி நேரம் காலியாக எரியவிட்டு வாடை போக்குங்கள்.

அடுத்து கரிச்சட்டி. கூடவே வருகிற சட்டிக்கு அடியில் துளை இருக்காது. முதல் ஒரு மணி நேரம் நன்றாக எரியும், பிறகு சாம்பல் சேர்ந்து கங்கை மூடும், சூடு சரியும். நீங்கள் மூடியைத் திறந்து கிளறுவீர்கள், காற்று ஒரேயடியாகப் பாய்ந்து சூடு எகிறும். ஏறுவதும் இறங்குவதுமான அந்தக் கூத்தில் பாதி இந்தச் சட்டியால்தான். அதற்குப் பதில் கம்பிக் கூடை செய்யுங்கள். வைரக்கட்டம் போட்ட இரும்பு வலைத்தகடு, 30 சென்டிமீட்டர் விட்டம், 18 சென்டிமீட்டர் உயரம். அடியில் இரண்டு இஞ்ச் காலாவது வேண்டும், சாம்பல் கீழே உதிர்ந்து விழ. கிட்டத்தட்ட 3 கிலோ கரி பிடிக்கும், ஐந்தாறு மணி நேரம் வரும். கோழிக்கூண்டுக்குப் போடுகிற ஜி.ஐ. வலை வேண்டாம். அதில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும், கங்கு அதைவிட மிக அதிகச் சூடு. அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. ஜி.ஐ. பைப், ஜி.ஐ. வாளி, எதுவுமே கரிப் பக்கம் வரக் கூடாது.

காற்று வாய்க்கு வருவோம். உருளையின் அடியிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே, சம தூரத்தில் மூன்று ஓட்டை, 20 மில்லிமீட்டர், முக்கால் இஞ்ச் என்று பட்டறையில் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மில்லிமீட்டர் தகட்டில் சின்ன இலை ஒன்று, ஒரே போல்ட்டில் சுழலும்படி. போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டால் வைத்த இடத்தில் நிற்கும். மேலே மூடியில் புகை போக 50 மில்லிமீட்டர் துளை ஒன்று. அதன் பரப்பு கீழே இருக்கிற மூன்றும் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு, அது அப்படித்தான் இருக்க வேண்டும். மேல் வாய் எப்போதும் திறந்தே இருக்கட்டும். மேலே மூடிச் சூட்டைக் குறைக்கப் பார்த்தால், புகை உள்ளேயே தேங்கி, கறிமேல் கரிப்பிசினாகப் படிந்து கசக்கும். திரும்பவும் சொல்கிறேன், மேல் வாய் திறந்தே இருக்கட்டும், கை வைப்பது கீழ் வாயில் மட்டும்.

பற்றவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்தக் கரியையும் பற்றவைத்துவிட்டால் பிறகு யாராலும் அடக்க முடியாது. கூடை நிறையப் பற்றாத கரியைப் போடுங்கள். தனியாகப் பத்துப் பன்னிரண்டு துண்டு மட்டும் கங்காக்கி, நடுவில் குழி பறித்து அதில் வையுங்கள். நெருப்பு அங்கிருந்து மெல்லப் பரவும். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது, வாடை கறியில் ஏறிவிடும். மூன்று ஓட்டையும் திறந்திருக்கட்டும். 120 டிகிரி வேண்டுமென்றால் 100 வந்ததுமே மூட ஆரம்பியுங்கள். ஏறுகிற சூட்டைப் பிடித்து நிறுத்துவது எளிது, ஏறிவிட்ட சூட்டை இறக்க ஒரு மணி நேரம் ஆகும். கசிவெல்லாம் அடைத்த ஸ்மோக்கருக்கு 120-ல் நிற்கப் பெரும்பாலும் ஒரு ஓட்டையும் இன்னொன்றில் பாதியும் போதும். ஒருமுறை இலையை நகர்த்தினால் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இரும்பும் தட்டும் பதில் சொல்ல நேரம் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் எந்த அசைவுக்கு எந்தச் சூடு என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

நடுத்தட்டில் தண்ணீர் வைக்கலாம், அது 100 டிகிரிக்கு மேல் போகாது, சூடு எகிறாமல் பிடித்துவைக்கும். ஆனால் கரி கூடச் செலவாகும், வற்ற வற்ற ஊற்ற வேண்டும். கொசப்பேட்டையில் கிடைக்கிற கனமான மண் தட்டைக் கவிழ்த்து வைப்பது என் கட்சி. மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். ஈரம் இல்லாமல் காய்ந்த தட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும்.

கரி விஷயம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்து வரும் சீமைக்கருவேலங் கரி. நல்ல கரி. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே வேகாத கட்டை, வெள்ளைப் புகை கக்கும். மூட்டையடித் தூளைச் சலித்து ஒதுக்குங்கள், அது காற்றை அடைக்கும்.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் மொட்டை மாடியில் வைக்கிறவர்கள் கவனியுங்கள். வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து எடுக்கும். திறந்த ஓட்டை கிழக்கே பார்த்தால், நீங்கள் தொடாமலே சூடு 30, 40 டிகிரி ஏறும். திறந்து வைக்கிற ஓட்டை மேற்கே பார்க்கட்டும், கிழக்கில் ஒரு தகரம் மறைவாக நிற்கட்டும். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆறியதும் சமையல் எண்ணெய் தடவுங்கள். தரை ஓடு வெடிக்காமல் கீழே செங்கல் வையுங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மழை வந்தாலும் எரிகிற ஸ்மோக்கரை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அணைந்தது போலத் தெரிகிற கங்கும் அப்படித்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். மீனைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். கானாங்கெளுத்தி, சூரை மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மீன் எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் கல்லுப்பு, இரண்டு மணி நேரம் ஊறட்டும். எடுத்துத் துடைத்து, விசிறிக் காற்றில் மேல்தோல் பசபசவென்று ஆகும்வரை உலர்த்துங்கள், அப்போதுதான் புகை பிடிக்கும். சூடு 90, 100 போதும். புகைக்கு மா அல்லது கொய்யாக் கட்டை, கைப்பிடியளவு இரண்டு துண்டு. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் கூடாது. மீனின் நடுப்பகுதி 63 டிகிரிக்கு வந்து அரை மணி நேரம் அதற்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும், கோழி என்றால் 74. குத்திப் பார்க்கிற டிஜிட்டல் மீட்டர் ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.