ஆன்சன் பர்லிங்கேம்: இரு நாடுகளின் தூதர்

நேயர்களுக்கு என் வணக்கம். ஒரு நாட்டுக்குத் தூதராகப் போனவர், பணி முடிந்ததும் அந்த நாட்டின் தூதராகவே தம் சொந்த நாட்டுக்கு வந்து இறங்கினார் என்றால் நம்புவது சற்றுக் கடினம். ஆன்சன் பர்லிங்கேம் என்ற அமெரிக்கர் அப்படித்தான் வந்து இறங்கினார்.

1820இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, ஹார்வர்டில் சட்டம் பயின்று, பாஸ்டனில் வழக்கறிஞராக இருந்த அவர், 1855இல் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். மறு ஆண்டு மே மாதம், அடிமை முறையைக் கண்டித்துப் பேசியிருந்த செனட்டர் சார்லஸ் சம்னரை, தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்துக்குள்ளேயே கைத்தடியால் இரத்தம் பெருக அடித்து வீழ்த்தினார். அச்செயல் கோழைத்தனமானது என்று சபையில் பர்லிங்கேம் சாடியதும், புரூக்ஸ் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். வடக்கத்தியர் பின்வாங்கிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. குறி தவறாதவர் எனப் பெயர் பெற்றிருந்த பர்லிங்கேம் தரப்பு, ஆயுதம் ரைபிள் என்றும், இடம் நயாகரா அருவியின் கனடாக் கரை என்றும் குறித்தனுப்பியது. பகை நிறைந்த வட மாநிலங்களைக் கடந்து அவ்வளவு தூரம் போக இயலாது என்று காரணம் சொல்லி விலகிக்கொண்டவர் புரூக்ஸ்தான்.

1860 தேர்தலில் தோற்ற பர்லிங்கேமை அதிபர் லிங்கன் முதலில் ஆஸ்திரியாவுக்குத் தூதராக அனுப்பினார். தன் ஆட்சியின் கீழிருந்த ஹங்கேரியின் விடுதலைக்குக் குரல் கொடுத்தவரை ஏற்க ஆஸ்திரிய அரசு மறுத்துவிட்டதால், அவர் சீனாவுக்கு மாற்றப்பட்டார். அபினிப் போர்களில் அடிபட்டிருந்த சீனாவிடம் மிரட்டிக் காரியம் சாதிப்பதே அன்று வல்லரசுகளின் வழக்கம். உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த அமெரிக்காவுக்கு மிரட்டும் வலுவும் இல்லை என்பதை மறக்கலாகாது. ஆயினும், பேசித் தீர்க்கலாம் என்ற கொள்கைக்குப் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றின் தூதர்களையும் அவர் இணங்க வைத்தது அவருடைய தனித்திறமை என்றே நான் கருதுகிறேன்.

1867இல் அவர் பதவி விலகியபோது, இளவரசர் கோங் தலைமையிலான சீன வெளியுறவு அலுவலகம், மேலை நாடுகளுக்குச் செல்லும் தன் முதல் தூதுக்குழுவில் அவரையே முதன்மைத் தூதராக அமர்த்தியது. சிகாங், சுன் ஜியாகு என்ற இரு சீன அதிகாரிகளும் உடன் சென்றனர். வாஷிங்டனில் 1868 ஜூலை 28 அன்று, வெளியுறவுச் செயலர் சீவர்டுடன் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே எட்டுப் பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இடம்பெயர்ந்து வாழ்வது மனிதரின் பிறப்புரிமை என்று ஐந்தாம் பிரிவு பறைசாற்றியது. ஆனால் அடுத்த பிரிவோ, இதனால் எவருக்கும் குடியுரிமை கிடைத்துவிடாது என்று தெளிவாக எழுதிவைத்தது. மேடைகளில் பர்லிங்கேம் இந்த இரண்டாவது செய்தியை அழுத்தியதில்லை. சீனா கிறிஸ்தவத்தை இருகரம் நீட்டி வரவேற்கிறது என்று நியூயார்க் விருந்தொன்றில் அவர் பேசியது, சீனத் தலைநகரான பீக்கிங்கில் எவரும் சொல்லாத ஒன்று.

லண்டன், பாரிஸ், பெர்லின் வழியாக ரஷ்யத் தலைநகரை அடைந்த அவர், 1870 பிப்ரவரியில் அங்கேயே நிமோனியாவால் இறந்தார். பசிபிக் ரயில் பாதைக்குச் சீனத் தொழிலாளர் தேவைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட அந்த உடன்படிக்கை, பாதை முடிந்து வேலையின்மை பெருகியதும் 1880இல் திருத்தப்பட்டது. 1882இல் சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அத்தடை 1943இல்தான் நீங்கியது.