மஞ்சளும் 96 குழிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆய்வகத்தில் வேலை என்று சொன்னால் போதும், கல்யாண வீட்டிலும் பேருந்திலும் ஒரே கேள்விதான்: "மஞ்சள் மார்பகப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுதாமே, நிஜமா?" நிஜம்தான். நானே பார்த்திருக்கிறேன். எங்கே பார்த்தேன் என்பதையும் சொல்கிறேன்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 குட்டிக் குழிகள். ஒவ்வொன்றிலும் எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் சில ஆயிரம். 1970-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் கண்ட ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சில் கட்டிய நீரிலிருந்து எடுத்தவற்றின் வழிவந்தவை. அந்த அம்மா போய்விட்டார். செல்கள் உலகமெங்கும் வளர்கின்றன. தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தைப் பல அளவுகளில் விட்டு, 37 டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். பிறகு ஒரு மஞ்சள் நிறக் கரைசலைச் சேர்ப்போம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல்கள் செத்திருக்கின்றன, அல்லது வளராமல் நின்றிருக்கின்றன. சிக்கல் இங்கேதான். குர்குமினுக்கே நிறம் உண்டு, அளவீட்டைக் குழப்பிவிடும். தண்ணீரிலும் சரியாகக் கரையாது. கரைக்க ஊற்றும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் கூடிப்போனால் அதுவே செல்லைக் கொல்லும். அதனால் கரைப்பான் மட்டும் சில குழிகளில், செல் இல்லாமல் குர்குமின் மட்டும் சிலவற்றில், ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான மார்பகச் செல்கள் சிலவற்றில் வைப்போம். இந்தக் குழிகள் இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் செல்கள் செத்தன. அப்புறம்? தட்டில் குர்குமின் செல்லின் மேலேயே கிடக்கிறது. வாயில் போட்டால் பெரும்பகுதி குடலோடு போய்விடும், மிச்சத்தைக் கல்லீரல் உருமாற்றிவிடும். தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் இரத்தத்தில் தேறியது சொற்பம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் தூள் தின்ன வேண்டும்!

நாட்டு மூலிகையைச் சோதிப்பதே வீண் என்று சொல்லவில்லை. நம் வேலியோரத்து நித்யகல்யாணியைச் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று 1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சோதித்தார்கள். எலிக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றியபோது வெள்ளையணுக்கள் சரிந்தன. செல்கள் பெருகுவதைத் தடுக்கும் ஏதோ இதில் இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொண்டு போய், 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்.

என் சித்தி, மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்கு ஆறு மாதம் மஞ்சள் பற்றுப் போட்டார், யாரோ அனுப்பிய செய்தியை நம்பி. டாக்டரிடம் போனபோது அக்குள்வரை பரவியிருந்தது. கட்டி தட்டுப்பட்டால் அதே வாரம் காட்டிவிடுங்கள். கஷாயம் எதுவும் குடிப்பதாக இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கீமோ மருந்தோடு சில மூலிகைகள் ஒத்துப்போகாது.

நன்றி, வணக்கம்.