மாமா அனுப்பும் கார்டை லப்டொப்பில் போடலாமா?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஒரேயொரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணை, என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லப்டொப் இருக்கிறது. 8 ஜிபி ரேம், 135 வாட் சார்ஜர். புதுக் கேம்கள் திக்கித் திக்கித்தான் ஓடுகின்றன. கனடாவில் இருக்கிற மாமா தன்னுடைய டெஸ்க்டொப்பில் இருந்த ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அனுப்புகிறேன் என்கிறார். அதை லப்டொப்பில் போடலாமா? டவுனில் ஒரு கடையில் மாற்றித் தரலாம் என்கிறார்கள்.”

தம்பி, சார்ஜரின் வாட்டையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோசம். வழமையாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வாட் எவ்வளவு என்று கேட்காமல் நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

சரி, கார்டைப் போட முடியாது. உங்கள் லப்டொப்பில் கார்ட் என்று தனியாக ஒன்று கிடையாது. கிராபிக்ஸ் சிப்பையும் அதற்குரிய நினைவகத்தையும் மதர்போட்டிலேயே ஈயத்தால் ஒட்டி விட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் எம்எக்ஸ்எம் என்ற வகையில் கழற்றிப் பூட்டும் கார்டுடன் சில பெரிய லப்டொப்கள் வந்தன. இப்போது ஃபிரேம்வொர்க் 16 என்ற லப்டொப்பில் கிராபிக்ஸ் பகுதியைப் பின்னால் இழுத்து எடுத்துவிட்டு வேறு போடலாம். 2025இல் அதற்கு ஆர்டிஎக்ஸ் 5070 கூட வந்தது. கடைகளில் நாங்கள் வாங்குகிற மற்றவை எல்லாம் அநேகமாக ஒட்டினது ஒட்டினதுதான்.

அப்படியானால் அந்தக் கடைக்காரர் எதை மாற்றித் தருவார்? அதே மொடலில் கூடிய சிப் உள்ள மதர்போட்டைத் தேடி முழுதாக மாற்றுவதாக இருக்கலாம். அப்படிச் செய்வதானால் சூட்டை இழுக்கும் செப்புக் குழாயும் சார்ஜரும்கூட அதற்கேற்ற மாதிரி மாற வேண்டும். காசு கொடுக்க முன்னர் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது வாட்டுக்கு வருவோம். மாமாவின் 3060 தனியே 170 வாட் இழுக்கும். உங்கள் சார்ஜர் முழு லப்டொப்புக்கும் சேர்த்துக் கொடுப்பது 135 வாட். எப்படியோ ஒட்டினாலும் அதற்குச் சாப்பாடு போட உங்கள் லப்டொப்பால் முடியாது. இழுக்கிற மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தானே வெளியே வர வேண்டும்? லாண்ட்மாஸ்டரில் பெரிய ரக்டரின் எஞ்சினைப் பூட்டிவிட்டு அதே சின்ன ரேடியேட்டரை வைத்து வயல் உழ இறங்கினால் எத்தனை சுற்று ஓடும்?

கார்டை வெளியே வைத்து வயரால் இணைக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்புத் துளை இருந்தால் செய்யலாம். துளைக்குப் பக்கத்தில் மின்னல் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்; யூஎஸ்பி-சி துளை எல்லாம் தண்டர்போல்ட் அல்ல. உள்ளே எஸ்எஸ்டி பூட்டுகிற எம்.2 துளையிலிருந்து வயர் இழுத்தும் செய்கிறார்கள். ஆனால் டெஸ்க்டொப்பில் கார்டுக்குத் தரவு போக 16 பாதை உள்ள இடத்தில் இதில் 4 பாதைதான், வேகம் குறையும். தனிப் பவர் சப்ளை வேண்டும். எம்.2 வழியென்றால் லப்டொப்பின் அடிமூடியைத் திறந்தபடி வைத்திருக்க வேண்டும், எங்கள் வீடுகளில் பல்லியும் எறும்பும் சும்மா இருக்குமா?

மாமாவின் கார்ட் உண்மையாகவே வருவதானால் அதைச் சுற்றி ஒரு பழைய டெஸ்க்டொப்பைக் கட்டுங்கள். அந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை வைக்கச் சொல்லி இந்தச் சிப்புகளைச் செய்கிற என்விடியா கம்பனியே சொல்கிறது. கரண்ட் ஏறி இறங்குகிற இடமென்றால் ஒரு யூபிஎஸ்ஸும் தேவை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில் பற்றரி இருந்தபடியால்தான் எங்கள் பிள்ளைகள் லப்டொப்பைக் கட்டிப்பிடித்துக் கொண்டு இருந்தார்கள். ஆனபடியால் லப்டொப்பையும் விற்க வேண்டாம்.

அந்த லப்டொப்புக்கே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அண்ணன் தம்பி வந்தார்கள், கார்ட் செத்துப்போய் விட்டது என்று சொல்லிக்கொண்டு. மெத்தைமேல் வைத்துத்தான் விளையாடுவார்களாம். திறந்து பார்த்தால் ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் செம்மண் புழுதி துணிபோலப் படிந்து கிடக்கிறது. சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் என்ன பறக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துப்புரவாக்கி, காய்ந்து போயிருந்த தேர்மல் பேஸ்டை மாற்றிக் கொடுத்தேன். அதே கேம், அதே சிப், திக்காமல் ஓடியது. சூடு கூடினால் சிப் தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் விசயம். நீங்களே துப்புரவாக்குவதானால் காற்று ஊதும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக் கொள்ளுங்கள்.

அப்புறம் ரேம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். இரண்டு குச்சியும் சேர்ந்து ஓடும்போது திக்கல் நன்றாகக் குறையும். படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கி கேமை வேகப்படுத்தும் டிஎல்எஸ்எஸ் உங்கள் சிப்பில் வேலை செய்யாது, அது ஆர்டிஎக்ஸுக்கு உரியது. கேமின் செட்டிங்ஸில் அதே மாதிரி வேலை செய்யும் எஃப்எஸ்ஆர் இருந்தால் அதைப் போடுங்கள். 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் என்பதால் டெக்ஸ்சரைக் குறையுங்கள்.

ஆனால் தம்பி, நான் உங்களிடம் எதிர்பார்த்த கேள்வி வேறு. மாமா கார்டுக்குப் பதிலாகப் புது லப்டொப் அனுப்புவதானால் எதைக் கேட்டு வாங்குவது? வன்னியில் எத்தனையோ வீட்டில் லப்டொப் வருவது வெளிநாட்டுச் சொந்தக்காரர் கையால்தான். அவர்கள் கடையில் நின்று போன் எடுத்தால் நாங்கள் கார்டின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த இரண்டு கூட்டாளிகள், இருவரிடமும் ஆர்டிஎக்ஸ் 4060 லப்டொப். ஒருவருடையது மெல்லியது, வடிவானது, விலையும் கூட. மற்றது செங்கல் மாதிரித் தடிப்பு. ஒரே கேமைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட்டார்கள், தடிப்பானதுதான் முன்னுக்கு ஓடியது. மெல்லியதை வைத்திருந்த பிள்ளை ஏமாற்றி விட்டார்கள் என்று அழாத குறை. யாரும் ஏமாற்றவில்லை. லப்டொப் 4060ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வைக்க என்விடியா விட்டிருக்கிறது. பெயர் ஒன்று, வாட் வேறு. 3060ஐயே பாருங்கள்: மாமாவிடம் இருப்பது போன்ற டெஸ்க்டொப் கார்ட் பெரும்பாலும் 12 ஜிபி நினைவகத்துடன் வரும், லப்டொப்பில் அதே பெயருக்கு 6 ஜிபிதான்.

ஆகவே மாமாவுக்கு வட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: கிராபிக்ஸுக்கு எத்தனை வாட், அதாவது டிஜிபி (TGP) எவ்வளவு? ரேம் குச்சி போட இரண்டு இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஒட்டியதா? கிராபிக்ஸ் சிப்பை நேரே திரையோடு இணைக்கும் மக்ஸ் (MUX) சுவிட்ச் இருக்கிறதா? சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று எழுதியிருந்தால் எங்கள் 230க்குப் பயமில்லை, பிளக் மட்டும் மாற்ற வேண்டும். கடையில் டிஜிபியைச் சொல்ல ஆளில்லாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்புங்கள் தம்பி, மாமா காசு கட்ட முன்னர் நான் தேடிப் பார்த்து வாட்டைச் சொல்கிறேன்.